மதகடியில் தப்பிய வழி

காரைக்காலில் ஏறுவதற்கு மலை கிடையாது. ஆனால் நாள் முழுக்க நடக்க இடமுண்டு. வழி தப்பவும் இடமுண்டு.

மாசி மாதத்துக் காலை. தலத்தெரு சிவலோகநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டு நண்பர்கள் கிளம்பினார்கள். இருவருக்கும் அறுபது வயது, ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் உள்ளூர், மற்றவர் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. ‘தாத்தா சொல்தா’ என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களுக்குப் பாரிஸ் பக்கத்து ஊர் மாதிரிதான்.

திட்டம் எளிது. நெடுஞ்சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டாமல், வரப்பு வழியாகவே வடக்கே போய், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையில் மதியச் சாப்பாடு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் சாலை. நடுவில் எப்படித் தொலைய முடியும்?

ஒரு மதகடியில் கரை இரண்டாகப் பிரிந்தது.

“வலது பக்கம்டா. இங்கதான நண்டு புடிச்சோம்!” என்றார் பாரிஸ்காரர்.

உள்ளூர்க்காரருக்கு அப்போதே சந்தேகம். ஆனால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நண்பன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. பேசாமல் பின்னால் நடந்தார்.

கரை அகலமாக, பூவரசு நிழலோடு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பூவரசு போய்ச் சீமைக்கருவேலம் வந்தது. தண்ணீர் கரித்தது. எதிர்க்கரையில் மீனவர் குடியிருப்பு தெரிந்தது, பாலம் தெரியவில்லை. செல்போன் வரைபடத்தில் பச்சைக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான்.

வயலுக்குள் இறங்கிக் குறுக்கே போகலாம் என்றால் அதுவும் முடியாது. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். வெறும் தாள் என்று நாம் நினைக்கிற வயலில் இளம் செடி நிற்கும். மிதித்தால் யாரோ ஒருவரின் வருமானம் போச்சு.

திரும்பி நடக்கையில்தான் உள்ளூர்க்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. அவர் சர்க்கரை நோயாளி. ஏழு மணிக்கு இரண்டு இட்லியும் மாத்திரையும். இப்போது பன்னிரண்டரை. பையில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

“ஏன்டா மொதல்லயே சொல்லல?” பாரிஸ்காரரின் குரல் உடைந்தது.

நல்லவேளை, அறுத்த வயல் ஒன்றில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் குடிசை போட்டிருந்தார். டீக்கு வைத்திருந்த சர்க்கரையில் மூன்று ஸ்பூன் அள்ளித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். சர்க்கரை தாழ்ந்தால் மருத்துவர்கள் சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுதான்: பதினைந்து கிராம், பிறகு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார்கள். நடுக்கம் நின்றது. பிறகு பழைய சோறும் வந்தது.

“எந்தக் கரையில வந்தீங்க சார்?” என்று கேட்டுவிட்டு அவரே விளக்கினார். “போகப்போக வாய்க்கா சிறுத்துக்கிட்டே போனா அது பாசனம், வயல்ல போயி முடியும். அகலமாகிக்கிட்டே போனா வடிகால். அது கடலுக்குத்தான் போவும், ஊருக்குப் போவாது.”

பிறந்த ஊர் வாய்க்காலைப் பற்றி, வெளி மாவட்டத்திலிருந்து வாத்தோடு வந்தவர் சொல்லித்தான் இருவருக்கும் தெரிந்தது.

மதகடிக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. நண்டு பிடித்த இடம் இடப்பக்கம் இருந்தது. கரையோர நாவல் மரத்தைப் பார்த்ததும் பாரிஸ்காரரே ஒப்புக்கொண்டார். தரங்கம்பாடி வேண்டாம் என்று சாலைக்கு ஏறிப் பேருந்துக்கு நின்றார்கள்.

“ஞாயித்துக்கெழம மறுபடி போலாம்டா. இந்த தடவ நீ முன்னால நட.”

“நடக்குறேன். எதிர்க்கடையில போயி மொதல்ல கடலை மிட்டாய் வாங்கிட்டு வா.”