காத்திருக்க ஒரு கூரை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் பேருந்தில் ஏறிச் செம்பட்டியில் இறங்கினால், சுற்றிலும் காய்கறித் தோட்டங்களே கண்ணிற்படும். மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர் நீலத் திரைபோல் நிற்கும். அதன் அடிவாரத்தில் ஆத்தூர்க் காமராசர் அணை. செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம். சின்ன வெங்காயமும் தக்காளியும் கத்தரியும் முருங்கையும் இவ்வட்டாரத்து மக்களுக்குச் சோறு போடுகின்றன. விளைந்தவை திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் சென்று, அங்கிருந்து லாரிகளில் கேரளம்வரை பயணமாகின்றன.

இங்குள்ள சிற்றூர் ஒன்றில், இரண்டு ஏக்கர் நிலமுடைய குடும்பம் ஒன்றை நாம் நன்கு அறிவோம். எழுபது வயதைக் கடந்த கைம்பெண் ஒருவர். அவருடைய மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துவந்த மகன், 2020-ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கின்போது வீடு திரும்பினார். வந்தவரை வரவேற்றது தந்தை வைத்துவிட்டுப் போன கடன். சாலையோர நிலமாதலால், வீட்டுமனையாக்கி விற்றுத் தருவதாகத் தரகர்களும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

2021-இல் நம்மிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தின் நடுவே பழைய தொழுவம் ஒன்று நின்றது. மாமனார் காலத்துக் கட்டடம். 30 அடி நீளம், 14 அடி அகலம். கருங்கல்லும் செம்மண்ணும் கொண்டு எழுப்பிய இரண்டடிச் சுவர். பனங்கைகளின்மேல் நாட்டு ஓடு. உள்ளே ஒருபுறம் மாடு கட்டும் தறிகள், மறுபுறம் தானியக் குலுக்கை, மேலே பரண். ஆனால் முகடு தொய்ந்து, ஓடுகள் சரிந்து, மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

கோயிலுக்கும் பள்ளிக்கும் கட்டட வேலை பார்த்த அனுபவம் நமக்கு உண்டல்லவா? அந்தத் துணிவில், "இதை இடித்துவிடுங்கள். கல்லையும் ஓட்டையும் விற்றுவிட்டு, நாலு இரும்புக் கம்பம் நட்டுத் தகரம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றோம். மகனும் தலையசைத்தார். மூதாட்டி மட்டும், "தகரத்துக்குக் கீழே வெங்காயம் நிக்குமா சாமி?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியே நமக்கு விளங்கவில்லை.

சென்ற புரட்டாசியில் மீண்டும் அங்குச் சென்றோம். தொழுவம் நிமிர்ந்து நின்றது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். நேராக ஓடும் முகடு. பழைய ஓடுகளே மீண்டும் வரிசை பிடித்திருந்தன. உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் மறந்தது. மகன் நம்மை அமரவைத்து, தந்தையின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"கூரை சரிஞ்ச வருசத்துலேர்ந்துதான் கடனும் ஏறியிருக்கு ஃபாதர்" என்றார்.

செய்தி இதுதான். சின்ன வெங்காயம் நட்டால் சுமார் 70 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஊரார் அனைவரும் ஒரே பருவத்தில் நடுவதால், அனைவரும் ஒரே வாரத்தில் பிடுங்குகிறார்கள். அன்று சந்தையில் விலை விழும். பட்டறை போட்டு வைக்க இடமுள்ளவன் இரண்டு மூன்று மாதம் பொறுத்து விற்பான். இடமில்லாதவன் வியாபாரி சொன்ன விலைக்கு வயலிலேயே கொடுத்துவிடுவான். விதை வெங்காயத்திலும் இதே கதைதான். ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் வேண்டும். சொந்தமாக வைத்துக்கொள்ள இடமில்லாதவன், மலிவாக விற்ற பொருளையே நடவுக் காலத்தில் விலை கொடுத்து வாங்க வேண்டும். தகரக் கொட்டகையின் வெக்கையில் வெங்காயம் புழுங்கி அழுகும். தடித்த சுவரும், காற்றோடும் ஓட்டுக் கூரையும் அதைக் காக்கும். மூதாட்டியின் ஒரு வரிக் கேள்விக்குள் இத்தனையும் அடங்கியிருந்தன. நாம் கூறிய ஆலோசனை தவறு என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டோம்.

தொழுவத்தைச் செப்பனிட்டது 2022-இல். பக்கத்து ஊரிலிருந்து சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்கள். அவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தாராம். மேற்குச் சுவருக்குப் பல ஆண்டுகளுக்குமுன் சிமெண்டு பூசியிருந்தார்கள். மண் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும். பிறகு காற்றில் விடும். சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை வெளியேற விடாது. உள்ளே தங்கிய ஈரம் மண்ணைக் கரைத்தது; சுவரில் பதிந்திருந்த பனங்கைகளின் முனைகளைக் கரையானுக்கு இரையாக்கியது. சுவரைக் காக்கப் பூசிய பூச்சே சுவரைக் கெடுத்திருந்தது!

ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தட்டி, ஓசை கேட்டு, நல்லதையும் விரிசல் கண்டதையும் பிரித்தார்கள். கெட்டுப்போன பனங்கைகளை மட்டும் மாற்றினார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று தமிழக அரசு 2021-இல் அறிவித்திருந்தது. ஆகவே இடித்த வீடொன்றிலிருந்து வைரம் பாய்ந்த பழைய கைகளை விலைக்கு வாங்கினார்கள். மேற்குச் சுவரைப் பிரித்து, அதே கல்லைக்கொண்டு மீண்டும் கட்டினார்கள். நீற்றிய சுண்ணாம்பை நாட்கணக்கில் நீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு சிறுகச் சிறுகக் கல்லாகும். அவசரக்காரனுக்கு அது ஒத்துவராது.

கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், காந்தியடிகள் தமக்குக் கூறிய ஒரு கருத்தை அடிக்கடி நினைவுகூர்வார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்பதே அது. இந்தத் தொழுவம் ஏறக்குறைய அப்படியே எழுந்திருக்கிறது. செலவு குறைவென்று நாம் கூறமாட்டோம். தகரக் கொட்டகையைவிடக் கூடுதலே ஆயிற்று. ஆனால் அதில் பெரும்பகுதி உள்ளூர் உழைப்பாளிகளின் கூலியாகச் சென்றது.

தொழுவம் எழுந்தபின் தோட்டமும் மாறியது. இரண்டு பசுக்கள் வந்தன. ஒரு பசு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் தரும். காய்கறிப் பாத்திகள் 40 சென்ட்டு. அதற்கு வேண்டிய தொழு உரம் 4 டன். ஆண்டுச் சாணம் மக்கிச் சுருங்கினாலும் அதில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. கல் பாவிய தரையைச் சற்றே சரிவாக அமைத்து, கோமியமும் கழுவும் நீரும் எருக்குழிக்கே செல்லும்படி செய்திருக்கிறார்கள்.

பாத்திகளில் கத்தரி, வெண்டை, மிளகாய்; பந்தலில் புடலும் பாகலும்; தக்காளி வரிசைகளுக்கு நடுவே, காய்ப்புழுவை ஈர்த்துக்கொள்ளச் செண்டுமல்லி. வரப்போரம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 முருங்கை, விதைத்த ஆறாம் மாதமே காய்க்கத் தொடங்கும் இரகம் அது. ஒரு பயிர் விலையிழந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற கணக்கு. முன்பு நிலம் முழுவதும் தக்காளி போட்டு, பறிக்கும் கூலிக்கும் தேறாமல் செடியோடு விட்ட ஆண்டை அவர்கள் மறக்கவில்லை.

தொழுவத்தின் மறுபாதியில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூங்கில் தட்டி. அதன்மேல் ஆடியில் பிடுங்கி நிழலில் உலர்த்திய வெங்காயம் பரப்பிக் கிடந்தது. மூதாட்டி குந்தி அமர்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐப்பசி நடவுக்கான விதைக்காய் தனியே இருந்தது. குலுக்கையில் சாம்பலில் புரட்டிய கத்தரி விதை.

"விலை ஏறிவிட்டதா அம்மா?" என்று கேட்டோம்.

"இன்னும் இல்லை சாமி. காயக் காய எடையும் குறையுது. போன வருசம் ஏறுச்சு, இந்த வருசம் ஏறுமோ என்னமோ. ஆனா வியாபாரி வந்து கேட்டப்போ, இப்ப இல்லைன்னு சொன்னேன். அப்படிச் சொல்லிப் பத்து வருசம் ஆச்சு" என்றார்.

கடனில் பாதி இன்னும் நிற்கிறது. தரகர்களும் வராமலில்லை. நிலத்தை விற்பதா இல்லையா என்பதை மகன் முற்றாக முடிவு செய்துவிடவில்லை. இரண்டு வெள்ளாமை பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். அவரை நாம் அவசரப்படுத்தவில்லை. ஒருமுறை அவசரமாக ஆலோசனை கூறியது போதும்.

அன்பு வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஓடு சரிந்த தொழுவமோ களஞ்சியமோ நிற்கக்கூடும். எல்லாவற்றையும் காப்பாற்ற இயலாது. சில இடிக்க வேண்டியவையே. ஆயினும் இடிக்குமுன், சுவரைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். அந்தக் கூரையின்கீழ் முன்பு என்ன காக்கப்பட்டது என்று வீட்டிலுள்ள மூத்தோரைக் கேளுங்கள். நாம் விடைபெற்றபோது மூதாட்டி ஒரு படி வெங்காயத்தைப் பையில் கட்டிக் கொடுத்தார். மறுநாள் சமையலறையில் அதைக் கொட்டிப் பார்த்தோம். ஒன்றுகூட அழுகலில்லை.