மேடைக்குள் எழும் ஒலி

இசைக்குழு வாசிக்கும் இடத்தில் இரண்டு ஒலிகள் உண்டு. மிக்சர் வழியாக ஒலிபெருக்கிகளுக்குப் போய்ச் சபையை எட்டுவது ஒன்று. வாத்தியங்கள், ஆம்ப்ளிஃபயர்கள், மானிட்டர்கள் ஆகியவற்றிலிருந்து மேடைக்குள்ளேயே எழுவது மற்றொன்று. முதலாவது சவுண்ட் இன்ஜினியரின் கையில் இருக்கிறது. இரண்டாவதில் பெரும்பகுதி வாசிப்பவர்களின் கையில். கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரியில் பாட்டு வரி புரியவில்லை என்றால் எல்லாரும் மிக்சர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் மேடையில்தான் இருக்கும்.

மேடையில் இருப்பவற்றில் மிக மெல்லியவற்றில் ஒன்று மனிதக் குரல். ஓங்கி அடிக்கும் டிரம்ஸ், வாசிப்பவர் காதருகே 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். பாடகர் அதற்குச் சில அடி முன்னால் நின்றால் அவர் மைக்கில் குரலோடு சிம்பலும் ஸ்னேரும் சேர்ந்தே விழுகின்றன. குரல் கேட்கவில்லை என்று அந்த மைக்கை ஏற்றினால் சிம்பலும் கூடவே ஏறுகிறது. இந்த நிலையில் எவ்வளவு திறமையான இன்ஜினியராலும் குரலை மட்டும் பிரித்து எடுக்க முடியாது.

ஒலி படிப்படியாக ஏறும் விதமும் கவனிக்கத்தக்கது. தன் வாத்தியம் தனக்குக் கேட்கவில்லை என்று கிட்டார்காரர் சற்று ஏற்றுகிறார். அது கீபோர்டை மறைக்கிறது, கீபோர்டுக்காரரும் ஏற்றுகிறார். டிரம்ஸ்காரர் தன்னையறியாமல் ஓங்கி அடிக்கிறார். கடைசியில் அகப்படுபவர் பாடகர். இரைச்சலில் மனிதர் தாமறியாமலே குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-இல் விவரித்தார். மேடையில் இதனால் தொண்டை இறுகுகிறது, சுருதி பிசகுகிறது, கச்சேரி முடிவதற்குள் குரல் கம்மிவிடுகிறது.

பாடகருக்காக மானிட்டரை ஏற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. மானிட்டர் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் மானிட்டரில் வந்தால் ஃபீட்பேக் ஊளையிடும். கார்டியாய்டு வகை மைக் தன் முதுகுப்புற ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும் என்பதால் மானிட்டரை அதன் நேர் பின்னால் வைக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு அந்த இடம் சற்றுப் பக்கவாட்டுக்கு நகர்கிறது. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தத் திசைக்குணம் கெட்டு ஊளை சீக்கிரம் வரும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முன்னுள்ள இடைவெளி சுமார் 3 டெசிபல் சுருங்குகிறது. பாடாத கோரஸ் மைக்கையும் வாசிக்காத தபேலா மைக்கையும் மூடி வைப்பது இதனால்தான்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பிரச்சினைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களில் அரங்க ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் குரலுக்கு மட்டுமே பயன்பட்டன. கிட்டார் தன் சொந்த பலத்தில் சபையை எட்ட வேண்டியிருந்தது. 1965-இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு 55,000-க்கும் மேற்பட்டோர் முன் வாசித்தபோது வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் மேடைக்கு வந்தன. அப்படியும் கூட்டத்தின் கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. இன்று எல்லா வாத்தியமும் மிக்சர் வழியே போகிறது. ஆம்ப்ளிஃபயர் வாசிப்பவர் காதுக்கு எட்டினால் போதும். தரையில் வைத்தால் அதன் கூர்மையான ஒலி முழங்காலைத் தாண்டி முன்வரிசைக்காரர்கள் மேல் பாய்கிறது. வாசிப்பவருக்கு மங்கலாகவே கேட்பதால் இன்னும் ஏற்றுகிறார். ஸ்டூலில் ஏற்றியோ சாய்த்தோ காதைப் பார்க்க வைத்தால் பாதி ஒலியே மிகுதியாகத் தோன்றும்.

இடமும் கணக்கில் வர வேண்டும். கோயில் திடல் போன்ற திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. பளிங்குத் தரையும் கண்ணாடியும் கொண்ட மண்டபத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அங்கே டிரம்ஸுக்குக் கனத்த குச்சிக்குப் பதில் பிரஷ் போதும். ரிதம் பேட் இன்னும் நல்லது, அதன் ஒலியைத் திருகிக் குறைக்கலாம். காதுக்குள் பொருத்தும் இன்-இயர் மானிட்டர் தரை மானிட்டர்களை அகற்றிவிடும். மைக்குகளுக்கும் சபைக்கும் போகும் டிரம்ஸின் நேரடி ஒலியை அது குறைக்காது.

சவுண்ட் செக்கைக் குரலிலிருந்து தொடங்குவதே சரியான முறை. ஊளையில்லாமல் குரல் எந்த அளவு தெளிவாகக் கேட்கிறதோ அதற்குள் மற்ற வாத்தியங்கள் அடங்க வேண்டும். "மானிட்டர்ல என்னைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பது மெல்லிசை மேடையிலும் கர்நாடகக் கச்சேரியிலும் ஓயாமல் கேட்கும் வேண்டுகோள். "எனக்கு வர்ற கீபோர்டைக் குறைங்க" என்று கேட்பவர்கள் அரிது; பல நேரம் தேவைப்படுவது அதுதான்.

மேடை ஒலியைக் குறைப்பது காதுக்காகவும்தான். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரையறைப்படி 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. உள்காதின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. டிரம்ஸ்காரரும் அவரருகே நிற்பவர்களும் கச்சேரி முழுவதும் காதடைப்பான் அணிய வேண்டும்.