பச்சை பிடித்த கம்பி

பழைய தொலைக்காட்சியில் அலை குறைந்தால் திரை புள்ளி புள்ளியாக இரையும். ஆனாலும் படம் தெரியும். 2019-ஆம் ஆண்டில் மலேசியா முழுவதும் இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறிய பிறகு அந்தச் சலுகை இல்லை. அலையின் தரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும்.

சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டில், மழை நாள்களில் இப்படித்தான் ஆனது. பாட்டிக்கு மலாய் அவ்வளவாக வராது. இரண்டாம் அலைவரிசையின் தமிழ்ச் செய்திதான் அவருக்கு வெளியுலகம். அது பாதியில் நின்றால் முகம் வாடிவிடும்.

“அலைபெருக்கி வாங்கிப் பொருத்துங்கள்,” என்றார் பக்கத்து வீட்டு மாமா. அப்பா உடன்படவில்லை. கெட்டுப்போன அலையைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதானே பெருகும்? டிகோடரில் அலையின் வலிமை, தரம் இரண்டையும் சில நாள்கள் கவனித்தோம். வெயிலில் தரம் நன்றாக இருந்தது, மழையில் சரிந்தது. ஆகவே, ஆன்டெனாவின் திசையில் பிழை இல்லை. அது ஜெராய் மலையை நோக்கியே நின்றது. மழைநீர்தான் எங்கோ நுழைகிறது.

ஒரு ஞாயிறு காலை அப்பா கூரைக்கு ஏற, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஆன்டெனாவோடு கம்பி சேரும் இடத்தில் ரப்பர் உறை வெடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. அப்பா அந்தப் பகுதியை வெட்டி, புதிய இணைப்பானைப் பொருத்தி, நீர் புகாத நாடாவால் இறுக்கிச் சுற்றினார். சுவருக்குள் நுழையும் முன் கம்பியைச் சற்று வளைத்துத் தொங்கவிட்டார். மழைநீர் அங்கேயே சொட்டிவிடுமாம். செலவு பத்து ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

மறுநாள் மாலை மழை கொட்டியது. செய்தி தடங்கலின்றி ஓடியது. “இந்தப் பிள்ளை ரொம்ப இளைத்துவிட்டாளே,” என்று செய்தி வாசிப்பாளரைப் பார்த்துக் கவலைப்பட்டார் பாட்டி.