பொய் சொன்ன விளக்கு

இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பைத்தியம். வாலிபத்தில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்தால், கொளுத்தும் வெயிலில் போய் நிற்பாராம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்குப் புதுத் தளம் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. இவர் ஆசை ஓயவில்லை. ரிட்டயரான பணத்தில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாசலில் வந்து நின்றது.

"இதுவா ஸ்போர்ட்ஸ் கார்?" என்றேன்.

"இதன் அடிச்சட்டத்தை வைத்துத்தானே சீமையில் 1962-ல் ஸ்பிட்ஃபயரே செய்தான்!"

அதற்குமேல் நான் என்ன சொல்ல? சக்களத்தியைச் சேர்த்துக்கொள்வது போல் சேர்த்துக்கொண்டேன்.

போன தை மாதம் பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். பொன்னேரி தாண்டித் திருப்பாலைவனம் நெருங்கும்போது, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"என்ன அது?"

"எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு. சும்மா பொய் சொல்கிறது. ஸ்விட்சுக் கோளாறு."

இதே குரலை முந்தின வாரமும் கேட்டேன். டாக்டர் இவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை எழுதித் தந்தபோது, "அந்த மிஷின் பொய் சொல்கிறது" என்று சீட்டை மடித்துப் பையில் போட்டாரே, அதே குரல்!

"வண்டியை நிறுத்தினால்தான் ஆயிற்று" என்றேன்.

திருப்பாலீஸ்வரர் கோயில் பக்கம் நிறுத்தினார். கம்பியை உருவி எண்ணெய் பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. படகு எஞ்சின் பழுது பார்க்கும் பிள்ளை ஒருவன் அவ்வழியே வந்தான்.

"அளவு இருந்தா போதாது ஐயா. பம்பு எண்ணெயைத் தள்ளுதான்னு பார்க்கணும். ஸ்விட்சுக்குள்ளே மெல்லிசா ஒரு தகடு. எண்ணெய் அழுத்தினா நகர்ந்து விளக்கு அணையும். எண்ணெய் வரலேன்னாலும் எரியும், தகடு கெட்டாலும் எரியும். வெளியே ரெண்டும் ஒண்ணுதான்."

"பார்க்காமலே ஓட்டினால்?" என்றேன்.

"பேரிங் உருகி எஞ்சின் இறுகிடும்மா. நடுக்கடல்லேன்னா கரைக்கு யார் இழுப்பாங்க?"

ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் தன் அழுத்தமானியைத் திருகினான். எஞ்சினை ஓட்டினால், முள் 40 பவுண்டில் நின்றது. எஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை.

"நான் சொல்லவில்லை?" என்று என்னைப் பார்த்தார் இவர்.

"சரியாத்தான் சொன்னீங்க ஐயா. ஆனா, பார்க்காம சொன்னீங்க" என்றான் அவன்.

நான் வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்விட்சு வாங்கி இவரே மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன். மரையில் டேப்பை நிறையச் சுற்றக் கூடாதாம். மின்சாரம் எஞ்சின் உடம்பு வழியாகத்தான் திரும்ப வேண்டுமாம். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது.

"எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். அப்போதுதான் நம்பலாம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு மெதுவாக, "அந்த டாக்டர் சீட்டு எங்கே?" என்றார்.

மறுநாள் வேறொரு டாக்டரிடம் போய் அளந்து பார்த்தோம். அந்த மிஷின் பொய் சொல்லவில்லை.

இப்போது கார் சாவியும் மாத்திரை டப்பாவும் ஒரே மாடத்தில்தான் இருக்கின்றன. மாத்திரை போட்டுக்கொண்ட பிறகுதான் சாவி இவர் கைக்குப் போகும்.