சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது

மருத்துவமனை மீது வழக்குப் போட வருகிறவர்கள் பெரும்பாலும் பில்லைத்தான் முதலில் மேசையில் வைப்பார்கள். திருவொற்றியூரிலிருந்து வந்த அந்த அம்மா பில்லைப் பற்றிப் பேசவே இல்லை. கணவர் வார்ப்படப் பட்டறையில் மணல் தூசிக்குள் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில், வென்டிலேட்டரில் இருந்தபடியே இறந்தார். "அவுரு பொழைக்க மாட்டாருன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கையப் புடிச்சிக்கினு பக்கத்துல உக்காந்திருப்பேன் சார். வராண்டாவுலயே உக்கார வெச்சிட்டாங்க" என்றார்.

கேஸ் ஷீட் கேட்டு எழுதினேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வந்த காகிதங்களைப் பார்த்த ஒரு நுரையீரல் மருத்துவர், சிகிச்சையில் குறை சொல்ல முடியாது என்றார். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி மருத்துவக் கவனக்குறைவு என்று வாதிட இடமே இல்லை. அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

ஆனால் நர்ஸ் குறிப்பேட்டில் ஒரு பதிவு இருந்தது. கடைசி இரவு, விடிவதற்கு வெகுநேரம் முன்பு எழுதியது: நோயாளி மனைவியைக் கேட்டுச் சைகை காட்டுகிறார், டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது. அடுத்த வரியில் சிறுநீர் அளவு. அவ்வளவுதான். மனைவி அந்த நேரம் கதவுக்கு வெளியில்தான் இருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று யாரும் கூப்பிடவில்லை.

அந்த வரியை வைத்துத்தான், நிலைமையைச் சொல்லாததும் உள்ளே விடாததும் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். எங்கள் கேள்விகளுக்கு அந்த நர்ஸ் எழுத்தில் தந்த பதில் என்னை உலுக்கியது. "அவர் பிழைக்க மாட்டார் என்பது இரண்டு நாளாகவே எங்களுக்குத் தெரியும். உறவினர் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டுமே சொல்லச் சொல்லியிருந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் குடும்பத்திடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை." அந்தப் பெண் மீது கோபப்பட என்னால் முடியவில்லை. உண்மையை எழுதிவைத்தது அவர் ஒருவர்தான்.

சட்டமும் பெரும்பாலும் நர்ஸுகளை மறந்துதான் இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015-இல் இறக்கும்வரை அங்கேயே பராமரிக்கப்பட்டார். அவரை இறக்க அனுமதிக்கக் கோரிய மனு மீதான 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அவர் சார்பாகப் பேசும் உரிமை மனுப்போட்டவருக்கு அல்ல, அத்தனை ஆண்டுகள் அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் என்றது. படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட கைகளுக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால் கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையே என்று அறிவித்த 2018 காமன் காஸ் தீர்ப்பிலும், அதன் நடைமுறையை எளிதாக்கிய 2023 உத்தரவிலும் வரும், உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதுபற்றி முடிவெடுக்கும் குழுக்கள் மருத்துவர்களாலானவை. இரவெல்லாம் படுக்கையருகில் நிற்பவருக்கு அங்கே இடமில்லை.

இதை மாற்ற முடியும். அமெரிக்காவில் மரணத்தறுவாய்ப் பராமரிப்பை நர்ஸுகளுக்குக் கற்றுத்தரும் எல்நெக் திட்டம் 2000-இலேயே தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஐ.சி.யூ. நர்ஸுகளை நோயாளி, உறவினர், நர்ஸ் என்று நடித்துப் பேசிப் பழக வைத்தார்கள். குடும்பம் என்ன புரிந்துவைத்திருக்கிறது என்று கேட்பது, அவர்கள் பயத்தை டாக்டரிடம் கொண்டுபோவது, இருவரும் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்வது. மூச்சுத்திணறலுக்கு மருந்து போதவில்லை என்று துணிந்து சொல்வது, உலர்ந்த வாயை நனைப்பது, தேவையற்ற அலாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்பது எல்லாமே பயிற்சியில் வரக்கூடியவை. இவற்றுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கு சமரசத்துக்குப் போனது. நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றி எதிர்த்தரப்பு பேசத் தொடங்கியபோது, "ராத்திரியில கதவத் தொறக்க ஒத்துக்குவாங்களா, அதக் கேளுங்க சார்" என்றார் என் கட்சிக்காரர். கடைசி நாட்களின் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. முடிவு நெருங்கிவிட்டது என்று மருத்துவர் கருதினால், எந்த நேரமானாலும் குடும்பத்தில் ஒருவர் படுக்கையருகில் இருக்கலாம், ஐ.சி.யூ. நர்ஸுகள் அனைவருக்கும் வலிநிவாரணப் பராமரிப்புக் குழுவினரிடம் பயிற்சி என்ற இரண்டும் எழுத்தில் ஏறின.

காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருந்தால், டியூட்டி சிஸ்டரிடம் "நாங்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரமா இது?" என்று கேளுங்கள். டாக்டரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், அந்தக் கோரிக்கையைத் தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.