அம்மாவின் புடவைகளும் கரிப்பெட்டியும்

அம்மா போன பிறகு அவளுடைய புடவைகளை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எட்டு வருஷம் பீரோவில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்தேன். சின்னாளப்பட்டி சுங்குடி மூன்று, வெளுத்துப்போன வாயில் நாலைந்து, மயிலாடுதுறைக் கூறைநாட்டில் நெய்த கட்டம் போட்ட கல்யாணக் கூறை ஒன்று. அப்புறம், எம்.வி. சிதம்பரம் கப்பல் நாகைக்கு வந்து போய்க்கொண்டிருந்த நாளில் மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நைலெக்ஸ் புடவை. அதை அம்மா கட்டியதை விட மடித்து வைத்து அழகு பார்த்ததுதான் அதிகம்.

2018 ஐப்பசியில் என் மகளுக்கு வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். நாகைக்குத் தெற்கே, வேளாங்கண்ணி போகும் வழியில்தான் எங்கள் ஊர். பிறக்கப்போகும் குழந்தைக்கு அம்மாவின் புடவைகளை வெட்டி ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று தைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இது ஒன்றும் வெளிநாட்டு நாகரிகம் இல்லை. பழம்புடவையை நாலாய் மடித்து ஓரம் தைத்துக் குழந்தைக்குப் போடாத வீடு நம் பக்கத்தில் உண்டா? நான் கொஞ்சம் சதுரம் சதுரமாக வெட்டி அழகு பண்ண ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஒட்டுத்துணி வேலையில் பாதி தையல், பாதி இஸ்திரி. இது எனக்கு முதலில் தெரியாது. ஐந்து அங்குலச் சதுரங்களாக எண்பது வெட்டினேன். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை அங்குலம் நிற்கும். எட்டு வரிசைக்குப் பத்து வைத்தால் 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் இரண்டு வரிசையைத் தைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று இன்னொன்றைவிட முக்கால் அங்குலம் நீளம்! தையலைப் பிரித்துப் பார்த்தேன், தையலில் குற்றம் இல்லை. சட்டைக்குத் தேய்ப்பதுபோலப் பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்த்ததில், பழகி நைந்த புடவைத் துணி குறுக்குவாட்டில் நீண்டுவிட்டிருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. துண்டுத் துணியைத் தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். பெட்டியை வைத்து, நாலைந்து விநாடி அழுத்தி, அப்படியே தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தவுடன், பிரிக்காமல் தையல் மேலேயே ஒருமுறை அழுத்திவிடுங்கள். நூல் துணிக்குள் அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு விரித்து, உள்பக்கத்து மடிப்பை அழுத்தமான நிறத்துணிப் பக்கம் சாய்த்து அழுத்தினால், வெளிர்நிறத் துணி வழியே அந்த மடிப்பு நிழல் தட்டாது. அடுத்த வரிசையில் மடிப்புகளை எதிர்ப்பக்கம் சாய்த்தால், நாலு மூலை கூடும் இடத்தில் முடிச்சுப்போலத் தடித்துக்கொண்டு நிற்காது.

வெட்டுவதற்கு முன்னால் எல்லாத் துணியையும் நனைத்து அலசிக் காயவைப்பது அவசியம். சுங்குடிச் சிவப்பை நம்பவே நம்பாதீர்கள். நான் ஒரு வெள்ளை வாயில் துண்டோடு சேர்த்து ஊறப்போட்டுப் பார்த்தேன். நாலாவது தண்ணீரில்தான் துண்டு வெள்ளையாகவே வெளியே வந்தது. அலசிய பிறகு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டித் தோய்த்து, அரை ஈரத்தில் அழுத்தினால் வாயில் கூடக் காகிதம்போல விறைத்துக்கொண்டு வெட்டுவதற்கு வசதியாக நிற்கும். ஆனால் விரிப்பு முடிந்ததும் ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும்.

கஞ்சி போட்டு மெருகேற்றுவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 1658-லிருந்து 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அவர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன பூப்போட்ட பருத்தித் துணிகள், அவர்கள் நாட்டில் பாவாடையாகவும் படுக்கை விரிப்பாகவும், பஞ்சு வைத்துத் தைத்த போர்வையாகவும் ஆயின. அந்தத் துணிகளில் அரிசிக் கஞ்சி ஏற்றிச் சங்கால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்களாம். இஸ்திரி என்ற சொல்லும் ஜன்னல், சாவி, அலமாரியைப் போலப் போர்ச்சுகீசியர் விட்டுப்போனது என்பார்கள். இழுத்து விரிப்பது என்று அர்த்தமாம். இழுக்காதே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேரே இப்படி!

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் வைத்திருந்தது நீராவிப் பெட்டி. சட்டை, வேட்டிக்கு நன்றாகத்தான் இருந்தது. சின்னத் துண்டுகளுக்கு அது சரிப்படவில்லை. அடித்தட்டின் ஓட்டைகள் மெல்லிய துணியில் தடம் பதித்தன. சூட்டைக் குறைத்தால் நீராவி வராமல் தண்ணீர் சொட்டியது. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு வேறு. ஒரு வருஷத்துக்குள் ஓட்டைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஒரு நாள் அம்மாவின் வாயில் மேல் அழுக்குத் தண்ணீரைத் துப்பியது. அன்றே அதை எடுத்து வைத்துவிட்டேன்.

ஒட்டுத்துணி வேலைக்கு என் ஓட்டு ஓட்டை இல்லாத, கொஞ்சம் கனமான சாதாரணப் பெட்டிக்குத்தான். பெட்டி கனத்தால் கை அழுத்த வேண்டியதில்லை. மூக்கு கூராக இருந்தால் தையல் இடுக்கில் போகும். ஈரம் வேண்டுமானால் ஈரத்துணியை மேலே போட்டுக்கொள்ளலாம். கடையில் கையில் தூக்கிப் பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் மூன்று முள் ப்ளக்கையும் பார்த்து வாங்குங்கள். ஒயர் மேலே நூல் சுற்றியிருந்தால் நல்லது. 1000 வாட்ஸ் பெட்டிக்கு வீட்டிலுள்ள சின்ன ப்ளக் பாயிண்டே போதும். 2000 வாட்ஸ் நீராவிப் பெட்டிகள் அப்படியல்ல, கிரைண்டருக்குப் போடுகிற பெரிய பாயிண்ட் வேண்டும். சின்னதில் செருகிப் பிளாஸ்டிக் உருகிய வீடு எனக்குத் தெரியும்.

சூட்டுக்குப் பெட்டியிலேயே புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு புள்ளி நைலான் வகைக்கு, இரண்டு புள்ளி பட்டுக்கும் கம்பளிக்கும், மூன்று பருத்திக்கு. கூறைப்புடவை பட்டும் பருத்தியும் கலந்தது. கலந்த துணிக்கு எது மென்மையோ அதன் சூடுதான், அதாவது இரண்டு புள்ளி. மாமாவின் நைலெக்ஸை விரிப்பில் சேர்க்கும் ஆசையை விட்டேன். ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்தபோதே பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

பாதி விரிப்பு முடிந்திருந்தபோது கஜா வந்தது. நவம்பர் 16 விடியற்காலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய அந்தப் புயலைப் பற்றி நம் பக்கத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் ஒரு வாழை மிச்சமில்லை. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் தையல் மிஷின் மிதிப்பது என்பதால் தையல் நிற்கவில்லை. இஸ்திரிக்குத்தான் வழியில்லை.

பரணிலிருந்து மாமியாரின் கரிப்பெட்டியை இறக்கினேன். ஐந்தாறு கிலோ கனம். குமுட்டி அடுப்பில் கொட்டாங்கச்சிக் கரியைக் கனலவிட்டுப் பெட்டிக்குள் போட்டு, வாழை இலைத் துண்டில் ஒரு இழுப்பு இழுத்தால் அடிப்பாகம் வழுவழுவென்று ஆகிவிடும். மாமியார் அப்படித்தான் செய்வார். புள்ளியும் கிடையாது, முள்ளும் கிடையாது. தண்ணீர் தெளித்து 'சுர்' சத்தத்தில் சூடு தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து வெகு நேர்த்தியாக வேலை நடந்தது. கனம் இருக்கிறதே, அந்த அழுத்தம் எந்த மின்சாரப் பெட்டியிலும் வராது!

புயல் போன ஐந்தாறு நாளில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. திண்ணையில் சாரல். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டி, குமுட்டி எல்லாவற்றையும் உள் அறைக்குக் கொண்டுபோய், சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்தினேன். மகள் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அவளும் சொன்னாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். "அம்மா, தலை வலிக்குதும்மா" என்றாள். "ராத்திரி தூங்கலியே, அதான். கொஞ்சம் கண்ண மூடு" என்றேன். எனக்கும் நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று இருந்தது. புயலில் பட்ட பாடு என்று நினைத்தேன். இன்னும் சற்று நேரத்தில், "அம்மா, எனக்கு என்னமோ பண்ணுது" என்று எழுந்திருக்கப் பார்த்தவள் கால் துவண்டு கட்டிலிலேயே சாய்ந்தாள். கையிலிருந்த பெட்டியைத் துணி மேலேயே விட்டுவிட்டு ஓடினேன். எனக்கும் தள்ளாடியது.

என் கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். உள்ளே காலை வைத்ததும் "அடிப்பாவி, கதவத் தொறடி!" என்று ஜன்னலைத் திறந்து, மகளை இரண்டு பேருமாகத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்தோம். தெருவில் மரங்களை வெட்டி வழி விட்டிருந்தார்கள், நல்லவேளை. ஆட்டோவில் நாகைக்குப் போனோம்.

டாக்டரம்மா பிராணவாயு வைத்தார். வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

"கரியில புகையே வரலியே டாக்டர்" என்றேன்.

"புகை வந்திருந்தா நீங்களே கதவத் தொறந்திருப்பீங்க" என்றார்.

கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைச் சுமக்கவேண்டிய ரத்தத்தின் ஹீமோகுளோபினை, பிராணவாயுவைப்போல இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு இது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இவைதான் முதல் அறிகுறிகள். கர்ப்பிணிக்கு வந்தால் மசக்கை, அசதி என்று நினைத்துவிடுவோம். வயிற்றுக் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவைத் தாயைவிட அதிகமாகப் பிடித்து, மெதுவாகத்தான் விடும். தாய் தெளிந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்பது இதனால்தான். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே சமயம் தலை வலித்தால் சந்தேகப்படுங்கள். முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கரிப்பெட்டியும் குமுட்டியும் திண்ணையில், முற்றத்தில் இருக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணி போடக் கனலை அறைக்குள் கொண்டுபோனாலும், கதவைத் திறந்து வைத்துப் போட்டு, உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தேன். பெட்டி கிடந்த இடத்தில் அம்மாவின் கூறைத் துண்டு ஒன்று கருகி, அடியில் இருந்த கம்பளி வரைக்கும் ஓட்டை. கூறையில் வேறு துண்டு மிச்சம் இல்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. கருகினதை மட்டும் நறுக்கிவிட்டு, சுங்குடியில் ஒரு வட்டம் வெட்டி மேலே வைத்துத் தைத்தேன். விரிப்பின் நடுவில் இலவம்பஞ்சு வைக்கவில்லை. அலசினால் உருண்டுகொள்ளும். அப்பாவின் பழைய வேட்டியை நாலாய் மடித்து வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல் போட்டேன். மின்சாரம் வந்த பிறகு புதிதாக வாங்கிய கனமான பெட்டியில்தான் கடைசி அழுத்தல் நடந்தது.

தை மாதம் பேத்தி பிறந்தாள். தூங்கும்போது குழந்தை மேல் போர்த்த வேண்டாம், மூக்கை மூடிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், தரையில் விரித்துக் குப்புற விழவும் தவழவும் அதில்தான் பழகினாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வந்தால் பீரோவைத் திறந்து அதைத்தான் முதலில் இழுப்பாள். சதுரங்களுக்கு நடுவே ஒரே ஒரு வட்டம் ஏன் என்று போன கோடையில் கேட்டாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பாட்டி அவசரத்துல பெட்டிய வச்சுட்டேன்டி கண்ணு" என்றேன்.