வகுக்கும் எண்

கோவை அவிநாசி சாலையில் ஒரு கிரைண்டர் கம்பெனி. மாதாந்திர விற்பனைக் கூட்டம். தணிக்கையாளரோடு கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். அங்கே எனக்குப் பேச்சே இல்லை. சுவரோரம் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் திரையும் தெரிகிறது, முகங்களும் தெரிகின்றன.

திரையில் பவர் பிஐ மென்பொருள். இடப்பக்கம் கிளையைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்லைசர், அதன் மேலே ஆண்டைத் தேர்ந்தெடுக்க இன்னொன்று, நடப்பு ஆண்டில் நிற்கிறது. நடுவில் பெரிய கார்டு: ‘கிளையின் பங்கு’. மடிக்கணினிக்கு முன்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். துப்பட்டாவை முடிச்சிட்டு ஒதுக்கிவிட்டு, மவுஸின் மேல் கையை வைத்துக் காத்திருக்கிறாள். மேசையின் தலைப்பக்கம் எம்.டி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

“மதுரையை அமுக்கு கண்ணு.”

அமுக்கினாள். கார்டில் 100 சதவீதம் வந்தது.

மதுரை மேலாளருக்கு ராத்திரி பஸ் தூக்கம் கலைந்தது. சென்னை மேலாளர் சிரிக்கவில்லை. எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, மதுரையே எல்லாத்தையும் வித்துப்போட்டா மத்தவங்கல்லாம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

சூத்திரம் திரையிலேயே இருந்தது. மேலே விற்பனை, கீழே மொத்த விற்பனை, நடுவே வகுத்தல். எழுத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் மதுரையைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஃபில்டர் இரண்டு எண்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. மேலே மதுரையின் 6 கோடி. கீழே ‘மொத்தம்’ என்ற பெயரில் அதே 6 கோடி.

அவள் பேசாமல் கீழெண்ணை மாற்றினாள். பவர் பிஐயில் சூத்திரம் எழுதும் டாக்ஸ் மொழியில் கால்குலேட் என்றொரு கட்டளை உண்டு. ஒரு கணக்கின் மேல் எந்த ஃபில்டர் நிற்கலாம், எது விலக வேண்டும் என்று அதில்தான் சொல்ல வேண்டும். 2010இல் எக்செலுக்கான பவர்பிவட்டோடு வந்த மொழி இது. கால்குலேட் பிடிபட்டால் பாதி மொழி பிடிபட்டது என்பார்கள். அதற்குள் ‘ஆல்’ போட்டு, விற்பனை அட்டவணையை முழுசாகக் கொடுத்தாள். எந்த ஃபில்டரும் தொடாத மொத்தம். என்டர் தட்டினாள்.

5 சதவீதம்.

“என்னம்மா இது, நூறுல இருந்தவனைக் கொண்டாந்து அஞ்சுல நிறுத்திட்டீங்க?” என்றார் மதுரை. பாதி விளையாட்டு, பாதி நிஜம். பங்கு 12 சதவீதத்தைத் தாண்டிய கிளைக்குத்தான் ஊக்கத்தொகை என்று போன கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

மூலையில் இருந்த கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டாமலே சொன்னார்: “இந்த வருசம் நாப்பது கோடிங்க. ஆறுன்னா பதினஞ்சு வரோணும்.”

பழைய நோட்டு புதுக் கணினியை வென்றது என்று இதை வைத்துக் கதை கட்டத் தேவையில்லை. அவரும் ஃபில்டர்தான் போட்டார், மனசுக்குள். கிளையை விலக்கினார், ஆண்டை விடாமல் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே செய்ததால் அது கணக்காகத் தெரிகிறது. கருவி அப்படி ஊகிக்காது. அவள் எழுதிய ‘ஆல்’ கிளையோடு ஆண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மூன்று ஆண்டுகளின் 120 கோடியால் ஓர் ஆண்டின் 6 கோடியை வகுத்தால் 5தான் வரும்.

அட்டவணையை எடுத்துவிட்டு, கிளைப் பெயர் என்ற ஒரே பத்தியை ‘ஆல்’ உள்ளே வைத்தாள். இப்போது 15. மதுரை மேலாளர் தண்ணீர் குடித்தார்.

கார்டு சரியானதும் மதுரைத் தேர்வை விலக்கினாள். கீழே இருந்த கிளைப் பட்டியல் மக்கர் செய்தது. எல்லா வரியிலும் 100. அவள் புருவம் சுருங்கியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். தலைமைக் கிளைதான் முதலில் வர வேண்டும் என்று யாரோ கேட்டதற்காக, கிளைப் பெயரை ஒரு வரிசை எண் பத்தியால் அடுக்கியிருக்கிறாள். பட்டியலுக்குள் அந்த வரிசை எண்ணும் ஓசையில்லாமல் ஒரு ஃபில்டராக வந்து நிற்கும். பெயரை விலக்கினால் போதாது, எண்ணையும் விலக்க வேண்டும். இரண்டாவது பத்தியைச் சேர்த்தாள், பட்டியல் சரியானது. அந்த அறையில் அது எத்தனை நுட்பமான முடிச்சு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரும் பாராட்டவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த புதுப் பையன் மெல்லச் சொன்னான்: “டேப்லோன்னா ஃபிக்ஸ்டு போட்டா முடிஞ்சுதுக்கா. ஃபில்டர் எதுவும் தொடாது.”

“கான்டெக்ஸ்ட் ஃபில்டர் தொடும்டா” என்றாள், திரும்பாமலே. உண்மைதான். டேப்லோ என்ற இன்னொரு மென்பொருளில் ஃபிக்ஸ்டு கணக்கு சாதாரண ஃபில்டருக்கு முன்பே முடிந்துவிடும். கான்டெக்ஸ்ட் ஃபில்டர் அதற்கும் முந்தியது.

இதற்குள் தெற்கு மண்டலத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மதுரை, நெல்லை, நாகர்கோவில் மூன்றையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பட்டியலில் 15, 9, 6. அடியில் 30.

“கூட்டுனா நூறு வரணும்லா? எங்க மூணு கிளைக்குள்ள யாரு எவ்வளவுன்னு பாக்கணும்.”

நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது: ஆல்செலக்டட். ஸ்லைசரில் தேர்ந்தெடுத்ததை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் போடும் ஃபில்டரை விட்டுவிடும். மூன்று கிளைகளுக்கும் சேர்த்து 12 கோடி. மதுரை 50, நெல்லை 30, நாகர்கோவில் 20.

மண்டலத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்போ மூணுமே பன்னெண்டைத் தாண்டுதுல்லா.”

அறை ஒரு நொடி அமைதியானது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. 6 கோடி அப்படியேதான் இருக்கிறது. கால் மணி நேரத்தில் அது 100, 5, 15, 50 என்று நான்கு முகம் காட்டிவிட்டது. நான்கும் வகுத்தலில் சரி. முதல் எண்ணை அபத்தம் என்று தள்ளலாம். மற்ற மூன்றுக்கும் ஒவ்வொரு கேள்வி இருக்கிறது. எந்தக் கேள்விக்குப் பணம் கொடுப்பது என்பதைக் கால்குலேட் சொல்லாது.

எம்.டி. நாகர்கோவிலை மட்டும் அமுக்கச் சொன்னார். ஆல்செலக்டட் 100 காட்டியது.

“யார் வெரல் எங்க படுதோ அதுக்குத் தக்க மாறுற எண்ணை வெச்சு எப்படிங்க பணம் குடுக்கறது?”

பதில் வரவில்லை. எனக்கு வாயில் ஒரு பாராட்டு வந்தது, விழுங்கிக்கொண்டேன். டாக்ஸில் ஒரு வரி எழுதத் தெரியாத மனிதர், ஆல்செலக்டட்டின் குணத்தை ஒரே சொடுக்கில் பிடித்துவிட்டார். பார்ப்பவரின் தேர்வைப் பொறுத்து மாற வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. அலசிப் பார்க்க நல்ல கருவி. சம்பளத்துக்கு ஆகாது.

அடுத்து அவளாகவே ஒன்று செய்தாள். ‘கம்பெனி மொத்தம்’ என்ற சின்னக் கார்டுக்கும் கிளை ஸ்லைசருக்கும் இருந்த தொடர்பை எடிட் இன்டராக்‌ஷன்ஸில் போய்த் துண்டித்தாள். இனி எந்தக் கிளையை அமுக்கினாலும் அது 40 கோடியிலேயே நிற்கும். “அது மட்டும் அசைய மாட்டேங்குது, மாட்டிக்கிச்சா?” என்று சென்னை மேலாளர் கேட்டார். “இல்லைங்க சார், அசையக் கூடாதுன்னுதான்” என்றாள். அன்று அவள் உரக்கப் பேசியது அது ஒன்றுதான்.

கூட்டக் குறிப்பில் கணக்குப்பிள்ளை எழுதியது இது: பங்கு என்பது நடப்பு ஆண்டின் எல்லாக் கிளைகளின் விற்பனையால் வகுத்தது, கிளைத் தேர்வு கீழெண்ணைத் தொடாது, இந்த வாசகம் கார்டின் அடியிலும் இருக்க வேண்டும். மண்டலத்துக்குள் பங்கு வேறு பெயரில், வேறு பக்கத்தில். ஊக்கத்தொகை தெற்கில் மதுரைக்கு மட்டும்.